கொக்கி கேட்ட லீவு

கொக்கி என்ற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது அவளுடைய தம்பியின் கல்யாணத்தில். மண்டபம் கொள்ளாத கூட்டம். மணப்பெண்ணின் தோழிகள் மேடையேறிப் படம் எடுத்துக்கொள்ளக் கிளம்பினார்கள். கையிலிருந்த பைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர்கள் முழித்துக்கொண்டு நின்றபோது முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொக்கி எங்கப்பா? கொக்கியக் கூப்பிடுங்க!"

எங்கோ சுவரில் கொக்கி அடித்து வைத்திருக்கிறார்கள் போல என்று விருந்துக்கு வந்தவர்கள் சுவர் சுவராகத் தேடினார்கள். கடைசியில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றது ஒரு பெண். ஒல்லி உடம்பு, காதோரம் நரை, புதுத்துணி இன்னும் உடம்போடு ஒட்டாமல் விறைத்துக்கொண்டு நின்றது. இரண்டு கையையும் நீட்டினாள். தோழிகள் ஆளுக்கொரு பையாக மாட்டிவிட்டு மேலே ஓடினார்கள். அவள் சிரித்த முகமாகத்தான் நின்றாள். யார் அது என்று விசாரித்தால், மாப்பிள்ளைப் பையனின் கூடப்பிறந்த அக்காவாம். மேடையில் அவன் பக்கத்தில் நின்றிருக்க வேண்டியவள்.

சத்தம் போட்டுக் கூப்பிட்டவன் அவளுடைய தங்கை புருஷன். பெயர் வைத்தவனும் அவன்தான். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. அவசரத்துக்கு ஓடி வருவான், ஆஸ்பத்திரி என்றால் விடிய விடிய உட்கார்ந்திருப்பான். வாய்தான் அவனுக்குக் கொஞ்சம் நீளம்.

அந்தக் குடும்பத்தில் மூத்தவள் அவள். அடுத்தது தங்கை, கடைசி தம்பி. தம்பிக்குப் பால்பல் விழுவதற்கு முன்னாலேயே அம்மா போய்விட்டாள். அப்பா லாரி ஓட்டியவர். மாதத்தில் பாதி நாள் வெளியில். ஒரு தடவை போனவர் போன இடத்திலேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். அது ஒரு தனிக் கதை, அதை இங்கே இழுத்தால் இது முடியாது. அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிகிற வயசு. பையை ஆணியில் மாட்டியவள் மறுபடி எடுக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் சலவைப் பிரிவு இருந்தது. அங்கே சேர்ந்துவிட்டாள்.

அவளைக் கேட்டும் ஒருவர் வந்தார். தையல்காரர், நல்ல மனுஷன். "தம்பி படிப்பு முடியட்டும்" என்றாள். முடிந்தது. "தங்கச்சிக்கு ஒரு வழி பண்ணிடறேன்" என்றாள். அவரும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளுடைய சித்தப்பா மகளையே கட்டிக்கொண்டார். அந்தக் கல்யாணத்தில் வாசலில் நின்று வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டதும் இவள்தான். சித்தப்பா மகளுக்கு இப்போது கல்லூரிக்குப் போகிற பெண் இருக்கிறாள்.

கொக்கி என்ற பெயர் எப்படி வந்தது என்றால், தம்பி முதல் வேலைக்குப் போன புதிதில் எல்லோரையும் தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனான். தங்கைக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆக நாலு பேர். அங்கே பெரிய ரோலர் கோஸ்டர் ஒன்று வானத்துக்கும் பூமிக்குமாக வளைந்து வளைந்து கிடந்தது. ஏறுகிற இடத்தில் காவலாளி, "கையில, கழுத்துல, காலுல ஒண்ணும் இருக்கக் கூடாது, கழட்டிக் குடுத்துட்டு வாங்க" என்றான். யாரிடம் கொடுப்பது? மூன்று பேரும் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்தார்கள். கண்ணாடி, செருப்பு, தண்ணீர் பாட்டில், ஈரத்துண்டு, கைப்பை, தொப்பி. ஒவ்வொன்றாக அவள் மேல் ஏறின. ஓடுகிற ஓட்டத்தில் தம்பி திரும்பி, "அக்கா, நீ வரலியா?" என்றான். அவள் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடியது. மேலிருந்து இறங்கி வந்த தங்கை மாப்பிள்ளை அவளைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அக்கா நிக்கறதப் பாருங்க, சுவத்துல அடிச்ச கொக்கி மாதிரி!" அன்றைக்கு ஒட்டியது அந்தப் பெயர்.

ஆனால் அன்று அவள் மனதில் தங்கியது பெயர் அல்ல. கம்பிவேலிக்குப் பக்கத்தில் நின்றபடி இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கால் நடுங்க இறங்குகிறார்கள், கண்ணில் தண்ணீர், ஆனால் சிரிப்பு. முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள். தம்பி இறங்கினான். இத்தனை வருஷம் வளர்த்த பிள்ளை, அவன் அப்படிச் சிரித்து அவள் கண்டதில்லை. தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "செத்தோம்னு நெனச்சேன்டி!" என்று கத்தினான். அங்கே மேலே என்னதான் இருக்கிறது? அவர்களோடு சேர்ந்து ஒரு தடவை அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆசை அவளுக்குள் அன்று விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு தீம் பார்க் அந்தக் குடும்பத்தில் வழக்கமாகிவிட்டது. குழந்தைகள் பிறந்தார்கள். தங்கைக்கு ஒரு பெண், தம்பிக்கு ஒரு பெண், ஒரு பையன். போகும்போதெல்லாம் அவளும் போனாள். பைகளோடு இப்போது குழந்தைகளும் அவள் பொறுப்பு. தம்பி பிள்ளைகளுக்கு அவள் அத்தை, தங்கை மகளுக்குப் பெரியம்மா. "எங்க அத்தை!" "எங்க பெரியம்மா!" என்று அவள் கையை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். நிழலான இடம் பார்த்து அவர்களை உட்கார வைத்துக்கொண்டு, அவர்களின் அப்பா அம்மா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெரியவர்கள் மட்டும் போகலாம் என்ற பேச்சு வந்தது அவளுக்கு ஐம்பது நெருங்கிய வருஷத்தில். தம்பி வீட்டில்தான் இருந்தாள், பிள்ளைகள் அறையில், இரண்டடுக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போடுகிற மெத்தை அவளுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கையும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் கீழே விளையாடப் போயிருந்தார்கள். அவள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் பேசுவது அங்கே அப்படியே கேட்கும்.

"குழந்தைங்களோட போனா அது நமக்கு லீவா?" என்றாள் தங்கை. "போன தடவை பூரா அந்தக் கிண்ண ராட்டினம்தான். சுத்திச் சுத்தி, வீட்டுக்கு வந்தும் சுவரு சுத்துது."

"உங்களுக்காவது சுத்துச்சு" என்றான் தம்பி. "என் பையன் வரிசையில அவ்ளோ நேரம் நின்னுட்டு, ஏறப்போற நேரத்துல பயமா இருக்குங்கறான். அடுத்த வரிசை. அங்கயும் அதே பாட்டு."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான். "அதுக்குத்தான் ஒரு விஷயம் கொண்டு வந்திருக்கேன். பள்ளிக்கூடம் நடக்கற வாரத்துல பெரியவங்களுக்கு மட்டும்னு விடறாங்க. மூணு நாள். உள்ளயே ஓட்டல். பதினெட்டு வயசுக்குக் கீழ ஒரு ஈ காக்கா நுழைய முடியாது."

"அழுகைச் சத்தம் கேக்காத இடம்னு ஒண்ணு இருக்கா?" என்றாள் தம்பி மனைவி.

"இருக்கு. ஆனா உங்களக் கோஸ்டர்ல ஏத்தினா உங்க அழுகை கேக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அப்போதுதான் மாப்பிள்ளை அவளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னான்.

"அக்கா, சேதி தெரியுமா? அங்க இப்போ லாக்கர் வந்துடுச்சாம். செருப்பு, பை எல்லாம் போட்டுப் பூட்டிட்டுப் போயிடலாம். இனிமே கொக்கிக்கு வேலை இல்ல!"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டைப் பிடித்தபடி நின்றாள். பை வைக்க இடம் வந்துவிட்டது. குழந்தைகளும் வரவில்லை. அப்படியானால் கீழே நிற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லையே.

"குழந்தைங்கள?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அதப் பத்தி கவலையே இல்லக்கா, அதெல்லாம் ஏற்பாடு ஆச்சு" என்றாள் தங்கை. போன மாதம் தங்கைக்கு ஏதோ பயிற்சி வந்தபோது அவள் மாமியார் வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். இப்போதும் சம்பந்தியம்மாதான் என்று இவள் எடுத்துக்கொண்டாள். தம்பி அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, உனக்கு எந்த வாரம் தோதுப்படும்? லீவு கிடைக்குமா?"

இதைக் கேட்ட பிறகு அவளுக்கு என்ன சந்தேகம் வரும்? அந்த வீட்டில் அவளுக்கு எது தோதுப்படும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. பிசகு நடந்தது அங்கேதான். அந்த வீட்டில் அவளிடம் யாரும் எதையும் முழுசாகச் சொல்வதில்லை, சொல்லாமலே அவள் செய்துவிடுவாள். அவளும் எதையும் முழுசாகக் கேட்பதில்லை. இத்தனை வருஷமாக அப்படித்தான் வண்டி ஓடியது.

"கேட்டுப் பாக்கறேன்" என்றாள். தட்டை இடுப்பில் ஒதுக்கிக்கொண்டு, "அம்பது வயசுக்காரங்கள எல்லாம் ஏத்துவாங்களா அதுல?" என்றாள்.

"நெஞ்சுல கோளாறு இல்லேன்னா எண்பது வயசுக்காரரையும் ஏத்துவான்" என்றான் மாப்பிள்ளை, டீயை ஊதிக்கொண்டே. எதற்காகக் கேட்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை சலவைப் பிரிவில் அவள் வேலை பார்த்த விதமே வேறாக இருந்தது. அங்கே துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகள் சூடான உருளைகளுக்கு நடுவில் நசுங்கி, ஆவியோடு வெளியே வரும். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி நின்று முனையைப் பிடித்து உதறி, முன்னால் நடந்து சேர்ந்து, பின்னால் நடந்து பிரிந்து மடிக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் மடித்தால்தான் சுருக்கம் விழாது. அவளோடு எதிர்முனை பிடிக்கிறவளை வெடி என்பார்கள். அவள் சிரித்தால் உருளையின் இரைச்சலையும் தாண்டிக் கேட்கும்.

"என்னடி இன்னிக்கு, விரிப்ப இந்தப் போடு போடற? யார் மேல கோபம்?"

"கோபம் இல்ல. தீம் பார்க் போறேன்."

"யாரு கூப்பிட்டா, பசங்களா?"

"பசங்க கிடையாது. பெரியவங்க மட்டும். தம்பி, தங்கச்சி, அவங்க வீட்டாளுங்க, நான். கோஸ்டர்ல ஏறப் போறேன்."

வெடி முனையை விட்டுவிட்டாள். விரிப்பு தரையில் விழுந்தது. "நீயா? மாடிப்படியில வேகமா இறங்கினாலே நெஞ்சப் பிடிச்சுக்கற நீயா?" என்று சிரித்தவள், எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "சரி. அப்போ பழகணும்."

பழக்கியதும் வெடிதான். ஆஸ்பத்திரியில் துணி வண்டிகளை ஏற்றி இறக்க ஒரு பழைய லிப்ட் உண்டு. மேல் தளத்திலிருந்து கீழே வரும்போது நடுவில் ஓர் இடத்தில் சட்டென்று குலுங்கி விழும், வயிற்றில் புளியைக் கரைக்கும். எல்லோரும் அந்த இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். இவள் கையை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். முதல் நாள் துணி மூட்டை மேலேயே சாய்ந்துவிட்டாள். பிறகு பழகிவிட்டது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே இறங்கினாள். "கையத் தூக்கு, கையத் தூக்குடி, அங்க எல்லாரும் தூக்குவாங்க" என்று வெடி சொல்ல, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுக்குத் துணிகளுக்கு நடுவில் இறங்கினாள்.

லீவு கேட்கப் போனபோது மேற்பார்வையாளர் தலை நிமிரவில்லை.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லங்க."

"பின்ன, வீட்டுல பிரசவமா?"

"இல்லங்க. எனக்குத்தான்."

"உனக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லங்க. தம்பி தங்கச்சியோட சுத்திப் பாக்கப் போறேன்."

மனுஷர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். எரிந்து விழுவதற்குப் பெயர் எடுத்தவர். "போயிட்டு வா" என்றார், அவ்வளவுதான். கதவருகே போனவளைக் கூப்பிட்டு, "நல்லா சாப்பிடு" என்றும் சொன்னார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அப்புறம் ஷூ வாங்கினாள். செருப்பு மேலே போனால் பறந்துவிடும், கட்டியிருந்தால் விடுவார்கள் என்று பின்னால் இழுத்துக் கட்டுகிற மாதிரி ஒன்று. வெடி தன் மகளின் ட்ராக் பேன்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். கிளம்புகிற அன்றைக்குப் பார்த்து அவர்கள் ஆச்சரியப்படட்டும் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் மற்றவர்களும் அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. "அக்கா, லீவு ஓகே ஆயிடுச்சா?" என்று தம்பி ஒரு தடவை கேட்டான். "ஆயிடுச்சு" என்றாள். "அப்பாடா" என்றான். அந்த அப்பாடாவை நாலு நாள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

கிளம்புகிற காலையில் அவள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தலைவாரி இறுக்கிக் கட்டி, ஷூவைப் போட்டுக்கொண்டு, பையை வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். கீழே வண்டி வந்து ஹாரன் அடித்தது. தங்கை மேலே ஏறி வந்தாள். ஒரு கையைப் பிடித்தபடி மகள், மகளின் தோளில் பள்ளிக்கூடப் பை, தங்கையின் இன்னொரு கையில் ஒரு பெரிய துணிப்பை.

"அக்கா, இவளுக்கு இருமல் இன்னும் முழுசா விடல. மருந்து இதுல இருக்கு, சாப்பாட்டுக்கு அப்புறம் குடு. நாளைக்கு வெள்ளைச் சீருடை. தலைக்கு ஊத்திடாத." சொல்லிக்கொண்டே துணிப்பையை அவள் கையில் மாட்டினாள். மாட்டிவிட்டு, "மாமியாரக் கேட்டா ஆயிரம் சட்டம் பேசுவாங்க. நீ இருக்கறப்போ எனக்கு என்னக்கா கவலை?" என்றாள்.

அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரில் நிற்கிறவள் பேசுவது தெரிகிறது, வாய் அசைகிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

தம்பி மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "அண்ணி, ப்ரிட்ஜ்ல எல்லாம் வெச்சிருக்கேன். சின்னவன் பால் குடிக்கலேன்னா விடாதீங்க." அவள் கால் கதவோரப் பையில் தட்டியது. "இது யாரு பை?"

"என்னுதுதான்" என்றாள். பையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "ஆஸ்பத்திரியில ஒருத்திக்குக் குடுக்க வேண்டிய பழைய துணி. அப்புறம் குடுத்துக்கலாம்."

"ஷூவெல்லாம் புதுசா இருக்கே பெரியம்மா!" என்றாள் தங்கை மகள்.

"கால் வலிக்குதுன்னு வாங்கினேன்டா."

தம்பி பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தான். அவள் ஷூவைப் பார்த்தான், இறுக்கிக் கட்டிய தலையைப் பார்த்தான். ஒரு கணம் நின்றான். கீழே மாப்பிள்ளை மறுபடியும் ஹாரன் அடித்தான். "வரேங்க்கா" என்று இறங்கிப் போனான். மாடி சன்னலிலிருந்து பிள்ளைகள் கையசைத்தார்கள், அவளும் அசைத்தாள். வண்டிக்குள் நாலு பேர் சரியாக உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிகள் போக ஐந்தாவது ஆளுக்கு அதில் இடமே கிடையாது.

அந்த மூன்று நாளும் பிள்ளைகளுக்கு ஒரு குறை வைக்கவில்லை. இருமல் மருந்து தவறவில்லை, சீருடை தவறவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீடு நிசப்தமாகக் கிடக்கும். அப்போது குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள் என்பது பிற்பாடு வெடியிடம் அவளே சொன்னது. இரண்டாம் நாள் மத்தியானம் வெடி போன் பண்ணினாள். உருளை இரைச்சலுக்கு மேலே கத்தினாள்.

"ஏறினியாடி? எப்படி இருந்துச்சு? கத்தினியா?"

போகவில்லை, என்னைக் கூட்டிப் போகவில்லை என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். ஆனால் லிப்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதும், மேற்பார்வையாளரின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. இத்தனை பேருக்குத் தெரிந்த பிறகு எப்படிச் சொல்வது?

"கத்தினேன்" என்றாள்.

"பயந்தியா?"

"இல்ல. லிப்ட் மாதிரியேதான் இருந்துச்சு. அதைவிடக் கொஞ்சம் பெருசு."

திரும்பி வந்தவர்கள் ஒரு படம் கொண்டுவந்தார்கள். கோஸ்டர் தலைகீழாகச் சரிகிற இடத்தில் அங்கேயே எடுத்துக் கொடுப்பார்களாம். தம்பி கண்ணை இறுக்க மூடியிருந்தான், தங்கையின் தலைமுடி மேலே நின்றது, மாப்பிள்ளை வாயைப் பிளந்திருந்தான். ப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்கள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அவள் அதை நின்று பார்த்தாள்.

வேலைக்குப் போனதும் சலவைப் பிரிவுப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். சொல்லு சொல்லு என்றார்கள். சொன்னாள். பொய் சொல்லத் தெரியாதவள் என்று அவளைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அன்றைக்கு அவள் சொன்னதை ஒருத்தியும் சந்தேகப்படவில்லை. மேலே ஏறும்போது கடகடவென்று சங்கிலிச் சத்தம் கேட்குமாம். உச்சியில் ஒரு நொடி எல்லாம் நின்றுவிடுமாம். அப்புறம் உடம்பு ஓரிடம், வயிறு ஓரிடம். "என் தம்பி கண்ண இறுக்கி மூடிட்டான். என் கையப் பிடிச்சான் பாருங்க, விடவே இல்ல. சின்னப் பிள்ளையில இடி இடிச்சா பிடிப்பானே, அப்படி." சொல்லும்போது அவள் கண் கலங்கியது. சந்தோஷத்தில் கலங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

நாலைந்து நாள் போயிருக்கும். வீட்டுச் சாவியை மறந்துவிட்ட தம்பி அவளிடம் இருந்ததை வாங்கிக்கொண்டு போக ஆஸ்பத்திரிக்கு வந்தான். கீழ்த்தளத்துக்கு அவன் வந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. வெடிதான் முதலில் பார்த்தாள்.

"வாங்க தம்பி, வாங்க! அக்கா கையப் பிடிச்சுக்கிட்டு அழுதீங்களாமே! இவ்ளோ பெரிய ஆம்பள!"

"எங்க?"

"எங்கயா? கோஸ்டர்லதான். எல்லாத்தையும் சொல்லிட்டா உங்கக்கா."

அவன் சிரித்தான், புரியாமல். "அக்கா எங்கங்க வந்தாங்க? அவங்க வீட்டுல பசங்களோட இருந்தாங்க."

உருளை ஓடிக்கொண்டேயிருந்தது. விரிப்பு ஒன்று பிடிக்க ஆளில்லாமல் வெளியே வந்து வந்து தரையில் குவிந்தது. பெண்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவரவர் கையிலிருந்த துணியைப் பார்த்தார்கள். அவள் குனிந்து விழுந்த விரிப்பை எடுத்தாள். தம்பி அவள் காலிலிருந்த ஷூவைப் பார்த்தான். அன்று வாசலில் எதைப் பார்த்துவிட்டு நின்றான் என்பது இப்போதுதான் அவனுக்கு முழுசாகப் புரிந்தது போலிருந்தது. சாவியை வாங்கக்கூட இல்லை, போய்விட்டான்.

சாயங்காலம் தங்கையும் வந்துவிட்டாள். கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா?" என்றான் தம்பி. "ஒரே ஒரு வார்த்தை. கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேனா?"

"என்னக்கா நீ, ஒரு ராட்டினத்துக்கா இவ்ளோ?" என்றாள் தங்கை. அவள் அழுதுகொண்டுதான் சொன்னாள். "நீயும் வந்துட்டா பசங்கள யாரு பாத்துப்பா? நீயே சொல்லு."

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. கையை வாயில் வைத்துக்கொண்டாள். தம்பி மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மூத்தவள் ஜமுக்காளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "நான் கேட்டிருக்கணும்தான்" என்றாள். "கேக்காமலே நீங்க என்னையும் சேத்துப்பீங்கன்னு நெனச்சுட்டேன். தப்பு என்னுதுதான்."

"அப்படிச் சொல்லாதக்கா."

"கோபத்துல சொல்லலடா."

"அடுத்த மாசமே போலாம். நீயும் நானும் மட்டும். நாளைக்கே டிக்கெட் போடறேன்."

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம்டா. இப்போ போனா நீ எனக்காக வர்ற மாதிரி இருக்கும். உங்களோட நானும் போகணும்னுதான் ஆசைப்பட்டேன். அது இனிமே வராது."

தம்பி பிறகும் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தான். வெடிகூட, "அவங்க கிடக்கறாங்க, வா, நாம ரெண்டு பேரும் போவோம்" என்றாள். அதற்கும் போகவில்லை. லிப்டில் இறங்கும்போது மற்றவர்களைப் போல அவளும் கம்பியைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குப் பின்பக்கம் குடியிருப்பு உண்டு. அங்கே ஓர் அறை காலியானபோது கேட்டு வாங்கிக்கொண்டாள். காலை வேலைக்குத் தோதாக இருக்கும் என்று வீட்டில் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை. அவள் கிளம்பிய அன்று பிள்ளைகள்தான் கதறினார்கள். தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து, கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக் கொடுத்து, நெடுநேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனான். இப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாள் வருகிறாள். யாருக்காவது காய்ச்சல் என்றால் இவளுக்குப் போன் வரும். போவாள், இரண்டு நாள் பார்த்துக்கொடுப்பாள், திரும்பிவிடுவாள்.

இந்த வருஷமும் அவர்கள் நாலு பேரும் எங்கேயும் போகவில்லை. அவள் இப்போது அந்தக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், வெடியின் அறைக்கு அடுத்த அறையில் இருக்கிறாள். சலவைப் பிரிவில் காலை வேலை.